குறைந்த செலவில் கட்டிய ஸ்டேடியம் டிரக்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறிதல்

நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டால் ஓட்டும், பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் ஸ்டேடியம் டிரக் ஒன்றைக் குறைந்த செலவில் கட்டி, பெங்களூரின் செம்மண் தடங்களில் பந்தயம் ஓட்ட விரும்புபவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. இங்கே பெரும்பாலானோர் கட்டும் முறை ஒன்றுதான். மின்பாகங்கள் இல்லாத பழைய சேஸிஸ் ஒன்றைக் கைமாற்றாக வாங்குகிறார்கள், மோட்டார், இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று), சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் சைகையை வாங்கும் பாகம்), பேட்டரி ஆகியவற்றை வெவ்வேறு இடங்களில் தேடிச் சேர்க்கிறார்கள். ஒயர், கனெக்டர், ஈயம் முதலியவற்றை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்து வீட்டு மேசையில் பற்றவைக்கிறார்கள். இப்படிப் பல இடங்களிலிருந்து வந்த பாகங்கள் ஒரே வண்டியில் சேரும்போது, கோளாறு வெளிப்படும் இடம் ஒன்றாகவும் அதன் காரணம் இருக்கும் இடம் வேறாகவும் அமைந்துவிடுகிறது. மோட்டார் சுடுகிறது என்பதற்காக மோட்டாரை மாற்றியவரின் புதிய மோட்டாரும் சுடும்; காரணம் பின்சக்கரத்தின் இறுகிப்போன பேரிங்காக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும், பாகம் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை வரிசையாகத் தருகிறேன்.

தொடங்கும் முன்

வண்டியின் நடுப்பகுதியை ஒரு மரக்கட்டையின் மீது நிறுத்தி, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். ரிமோட்டை முதலில் இயக்கி, பிறகே வண்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்; அணைக்கும்போது வண்டியை முதலிலும் ரிமோட்டைக் கடைசியிலும் அணைக்க வேண்டும். ஒரு மல்டிமீட்டரும், தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் கையில் இருப்பது நல்லது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே காட்டும்.

ஆலன் கீ விஷயத்தில் சிக்கனம் கூடாது. டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் பழைய வண்டிகளில் திருகுகள் அங்குல அளவில் இருக்கும். டிராக்சாஸ் வண்டிகளில் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒன்றுக்குரிய சாவியை மற்றொன்றில் போட்டுத் திருகினால் திருகின் தலை வழுக்கிப்போகும். அதன் பிறகு அந்தத் திருகைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும்.

சுவிட்சைப் போட்டும் வண்டி அசையவில்லை

முதலில் இ.எஸ்.சி.யின் விளக்கைப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் பேட்டரியிலிருந்து இ.எஸ்.சி. வரையுள்ள இணைப்புகளை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். விளக்கு எரிந்து சர்வோவும் திரும்பி, மோட்டார் மட்டும் சும்மா இருந்தால், பெரும்பாலும் இ.எஸ்.சி.க்கு ரிமோட்டின் நடுநிலை தெரியவில்லை என்று பொருள். நடுநிலை, முழு வேகம், முழு பிரேக் ஆகிய மூன்றையும் அதற்குக் கற்பிக்கும் முறை அதன் கையேட்டில் இருக்கும். சர்வோவும் திரும்பாவிட்டால் ரிசீவர் ரிமோட்டோடு பிணைக்கப்படவில்லை, அல்லது பிளக் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது.

வளைக்கும்போதோ முழு வேகம் கொடுக்கும்போதோ ஒரு கணம் செயலிழக்கிறது

இதைப் பலர் ரிமோட்டின் தூரக் குறைவு என்று எண்ணி ரிமோட்டையே மாற்றிவிடுகிறார்கள். தொலைவில் மட்டும் நிகழ்ந்தால் அப்படி ஐயப்படலாம். அப்போது ரிசீவரின் ஆன்டெனா முறிந்திருக்கிறதா, கார்பன் தகட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலடியில் நிற்கும் வண்டியும் இவ்வாறு விட்டுவிட்டு இயங்கினால் காரணம் மின்னழுத்தம்.

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சுற்று. விலை குறைந்த இ.எஸ்.சி.களில் அது 2 அல்லது 3 ஆம்பியர் மட்டுமே தாங்கும். எம்.ஜி.996ஆர் போன்ற மலிவான உலோகப் பல் சர்வோ, திரும்ப முடியாமல் முட்டி நிற்கும்போது தனியாகவே ஏறத்தாழ அவ்வளவு மின்னோட்டத்தை இழுத்துவிடும். உடனே மின்னழுத்தம் சரிகிறது; ரிசீவர் அணைந்து மீண்டும் எழுகிறது; அந்த இடைவெளியில் வண்டி தன் போக்கில் வேலியைத் தேடிப் போகிறது.

இதைச் சோதிக்க, வண்டியைக் கட்டையின் மேல் வைத்து, ரிசீவரின் காலியான ஒரு சேனலில் (பிளக் செருகும் இடத்தில்) மல்டிமீட்டரை இணைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை வேகமாகத் திருப்பிப் பாருங்கள். எண் சட்டென்று கீழே விழுந்தால் காரணம் கிடைத்துவிட்டது. முதல் தீர்வுக்குக் காசே தேவையில்லை: சக்கரம் முட்டும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே சர்வோ நின்றுவிடும்படி, ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையைக் குறைத்துவிடுங்கள். அதன் பிறகும் சரிவு இருந்தால், 4700 மைக்ரோஃபாரட் அளவும் 10 வோல்ட்டுக்குக் குறையாத தாங்குதிறனும் உள்ள கெப்பாசிட்டர் ஒன்றை ஒரு சர்வோ பிளக்கில் பற்றவைத்து, முனை மாறாமல், காலியான சேனலில் செருகலாம். எஸ்.பி. ரோட்டில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இந்தச் சிறு பாகம், புதிய ரிமோட் தீர்க்காத தொல்லையைத் தீர்த்துவிடுகிறது.

பிரஷ் உள்ள மோட்டார் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பிரஷ்களில் எழும் பொறிகள் ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். அதை அடக்குவதற்காக மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். கைமாற்றாக வந்த மோட்டார்களில் இவை உடைந்து போயிருப்பது சாதாரணம்.

புறப்படும்போது மட்டும் திக்குகிறது

பிரஷ்லெஸ் மோட்டாரில் சென்சார் இல்லாவிட்டால், மெதுவான வேகத்தில் சிறிது திக்குவது அதன் இயல்பு. ரோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்பது இ.எஸ்.சி.க்கு அப்போது தெரியாது. சென்சார் உள்ள மோட்டார் திக்கினால் சென்சார் ஒயரைச் சந்தேகியுங்கள், அதை வேறொன்றால் மாற்றிப் பாருங்கள். சென்சார் இணைப்பு இருக்கும்போது ஏ, பி, சி என்ற மூன்று மோட்டார் ஒயர்களையும் குறித்தபடியே இணைக்க வேண்டும். சுழலும் திசையை மாற்றுவதற்காக இரண்டை இடம் மாற்றும் வழக்கம் சென்சார் இல்லாத மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும். மூன்று ஒயர்களில் ஒன்றின் ஈயப் பற்று விட்டிருந்தாலும் மோட்டார் நின்ற இடத்தில் நடுங்கும். பளபளப்பின்றிப் பொரிந்து தெரியும் பற்று நல்ல பற்று அல்ல. தடித்த ஒயருக்கு 25 வாட் அயர்ன் போதாது. 60 வாட்டாவது வேண்டும்.

மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது

கேள்விப்படும் குறைகளில் இதுவே முதலிடம் வகிக்கிறது. தவறான பாகம் வாங்கிப் பணம் வீணாவதும் இதில்தான் அதிகம். முதலில் சரியாக அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் பந்தய வேகத்தில் ஓட்டி நிறுத்தியவுடன் மோட்டாரின் உறையை அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகப் பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையை விடக் குறைத்தே காட்டும்; ஆகையால் உறையில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளப்பது நம்பகமானது. 80 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் காந்தம் வலுவிழக்கத் தொடங்கும். வலுவிழந்த மோட்டார் அதே வேலைக்கு அதிக மின்னோட்டத்தை இழுத்து மேலும் சுடும்.

சூடு அதிகம் என்று உறுதியானால், மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனை, அது ஓட்டும் பெரிய பல்சக்கரமான ஸ்பரிலிருந்து விலக்கிவிட்டு, பின்சக்கரங்களைக் கையால் சுழற்றுங்கள். அவை தங்குதடையின்றிச் சில சுற்றுகள் சுழல வேண்டும். உடனே நின்றால் மோட்டார் குற்றவாளி அல்ல. இந்த ஊரின் செம்மண் காய்ந்திருக்கும்போது மிக நுண்ணிய தூசாகிப் பேரிங்கின் மூடிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மழைக்குப் பின் ஓட்டினால் சேறாக உள்ளே போய் அங்கேயே காய்கிறது. ஒவ்வொரு பேரிங்கையும் தனியே கழற்றி விரலில் சுழற்றி, கரகரப்பதை மாற்றிவிட வேண்டும். விலை குறைந்த சேஸிஸ்களில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது வெண்கலப் புஷ்களே இருக்கும். முதல் செலவை அங்கே செய்வதுதான் என் உறுதியான பரிந்துரை. 5 மி.மீ. உள்விட்டம், 11 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. அகலம் கொண்டது எம்.ஆர்.115 என்றும், வெளிவிட்டம் மட்டும் 10 மி.மீ. என்றால் எம்.ஆர்.105 என்றும் பேரிங் கடைகளில் வழங்கும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேலை எளிதாக முடியும். பழைய பேரிங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றால், அடுத்து கியர் இடைவெளியைப் பாருங்கள். செய்தித்தாளின் ஒரு கீற்றைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே கொடுத்து, மோட்டாரை அதன் மேல் அழுத்தித் திருகை இறுக்கி, பிறகு கீற்றைச் சுழற்றி வெளியே எடுக்க வேண்டும். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் இடைவெளி சரி. ஸ்பர் முழு வட்டமாக இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சற்றுச் சற்றாகத் திருப்பி நான்கைந்து இடங்களில் பல்லின் ஆட்டத்தை விரலால் உணர்ந்து பார்ப்பது அவசியம். மிக இறுக்கமான கியர் சூட்டை உண்டாக்கும். மிகத் தளர்ந்தது ஸ்பரின் பற்களைத் தின்றுவிடும். கியர் கீச்சிடுகிறது, அரைக்கிறது என்றால், பல் அளவே பொருந்தவில்லையோ என்று பார்க்க வேண்டும். 32 பிட்ச் பினியனும் 0.8 மாட்யூல் ஸ்பரும் ஏறத்தாழ ஒரே அளவானவை, சேர்ந்து ஓடும். 48 பிட்சும் 0.5 மாட்யூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சேர்ந்து ஓடா.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் கியர் விகிதத்துக்கு வர வேண்டும். ஸ்பரின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்து, கியர் பெட்டியின் உள் விகிதத்தால் பெருக்கினால் இறுதி விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, டிராக்சாஸ் ரஸ்ட்லரின் உள் விகிதம் 2.72. ஸ்பர் 86, பினியன் 20 என்றால் இறுதி விகிதம் ஏறத்தாழ 11.7, பினியனை 22 ஆக்கினால் 10.6. பத்து விழுக்காடு வேகம் கூடியதைக் காணும் மகிழ்ச்சியில் மறந்துபோவது என்னவென்றால், ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, சுருளில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்பதைத்தான். குறுகிய தடத்தில் வண்டி நேர்க்கோட்டில் ஓடுவது சில நொடிகளே. மீதி நேரமெல்லாம் வளைவிலிருந்து மீண்டும் மீண்டும் எழுவதுதான். எனவே பினியனில் ஒரு பல், தேவையானால் இரண்டு பல் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் சுற்று நேரம் பெரும்பாலும் கெடுவதில்லை.

மோட்டார் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

பினியனின் சிறு திருகு தளர்ந்து, மோட்டார் தண்டு மட்டும் சுழல்வது முதல் காரணம். தண்டின் தட்டையான பகுதியின் மேல் திருகு அமர வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் இந்த இடத்தில் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டுப் போதும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளுக்கு அதைப் பூசக் கூடாது, சில பிளாஸ்டிக்குகள் அதனால் வெடித்துவிடும்.

இரண்டாவது காரணம், அதிர்ச்சி வரும்போது வழுக்கிக் கொடுத்துக் கியரைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச். ஒரு கையால் பின்சக்கரங்கள் இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்பரைத் திருப்பிப் பாருங்கள். விரல் வலிமைக்கே எளிதாக வழுக்கினால் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். முற்றிலும் வழுக்காதபடி இறுக்குவதும் தவறு. தாவி இறங்கும்போது சுழலும் சக்கரம் தரையில் மோதும் அதிர்ச்சி நேராகக் கியர் பற்களுக்குப் போய்ச் சேரும். முழு வேகத்தில் புறப்படும்போது ஓரிரு அடி தூரம் மெல்லிய சீறல் ஒலியோடு வழுக்கி, பிறகு பிடித்துக்கொள்வது சரியான நிலை. பால் டிஃப் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும், குண்டுகளால் இயங்கும் டிஃபரன்ஷியல்) உள்ள வண்டிகளில், டிஃப் வழுக்குவதற்கு முன் ஸ்லிப்பர் வழுக்க வேண்டும் என்பது மாறாத விதி.

மூன்றாவதாக, சக்கரத்தின் அறுகோணப் பள்ளம் தேய்ந்து, 12 மி.மீ. ஹெக்ஸ் உள்ளே வெறுமனே சுழன்றுகொண்டிருக்கலாம்.

நேராக ஓட மறுக்கிறது

ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் டிரிம்மைத் தொடும் முன், முன்சக்கரங்களைக் கையால் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரியும்: பந்து மூட்டுகள், பெல்கிராங்கின் (ஸ்டியரிங் நெம்புகோலின்) புஷ்கள், சர்வோ சேவர் (மோதலில் சர்வோவைக் காக்கும் ஸ்பிரிங் இணைப்பு) ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இழுத்தால் வளைந்த ஹிஞ்ச் பின் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் அசையும் கீல் கம்பி) அல்லது ஒரு பக்கத்துக்கு மட்டும் இறுகிய சக்கர பேரிங் காரணமாகலாம். ஒரு முறை இடமும் மறுமுறை வலமுமாக விலகினால், சர்வோ தன் நடுநிலைக்குத் துல்லியமாகத் திரும்பவில்லை. மலிவான சர்வோவின் இந்தக் குறையைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைச் சர்வோவுக்குத் திருப்பிவிடும்படி நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வளைவில் பின்பக்கம் சுழல்கிறது, அல்லது முன்பக்கம் வளைய மறுக்கிறது

பின்சக்கர உந்தலும் பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும் மோட்டாரும் கொண்ட இவ்வகை வண்டிக்கு இரண்டு குணங்கள் இயல்பானவை: வேகத்தை விட்டவுடன் பின்பக்கம் சுழல முற்படும், வேகம் கொடுத்தவுடன் முன்பக்கம் இலகுவாகி நேரே போக முற்படும். அமெரிக்காவில் விளையாட்டரங்குகளுக்குள் மண்ணைக் கொட்டித் தடம் அமைத்து நடந்த டிரக் பந்தயங்களிலிருந்தே இந்த வகைக்குப் பெயர் வந்தது. அந்தத் தடங்களின் குறுகிய வளைவுகளும் மேடுகளும்தான் இன்றும் வண்டியின் இவ்விரு குணங்களையும் வெளியே கொண்டுவருகின்றன.

மாற்றங்களைத் தொடங்க வேண்டிய இடம் டயர். காய்ந்து பொடியாகக் கிடக்கும் செம்மண்ணில் உயரமான முள் உள்ள டயர் வேண்டும். பலர் ஓட்டி இறுகி, மேல்தூசு விலகிய தடத்தில் குட்டையான, நெருக்கமான முள் உள்ளது பிடிக்கும். காலையில் தண்ணீர் தெளித்த தடம் நண்பகலில் வேறு தடமாகிவிடுவதால், ஒரே டயரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஸ்பிரிங்குகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முன்பக்கம் நீளவாக்கில் வரிகள் உள்ள டயரையே பொருத்துங்கள். பொம்மைத் தரத்து வண்டிகளோடு வரும் கடினமான ரப்பரில் எந்தச் சீரமைப்பும் எடுபடாது. டயர் விளிம்போடு முழுவதும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பசை விட்டிருந்தாலும் வேகத்தில் டயர் உப்பி வண்டி குலுங்கும்.

டயர் சரியாக இருந்தும் வேகத்தை விட்டவுடன் பின்பக்கம் சுழன்றால், இ.எஸ்.சி.யில் தானாக விழும் பிரேக்கின் அளவைக் குறையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதுவே போதுமானது. அடுத்து, பின்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கிச் சம அளவில் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 3 டிகிரி வழக்கமான அளவு. ஒரு மோதலில் வளைந்த பின் ஆர்ம் இதைச் சத்தமின்றிக் கெடுத்திருக்கும். முன்பக்கம் வளைய மறுத்தால் பேட்டரியைச் சற்று முன்னே நகர்த்துங்கள், முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். மிக இறுகிய டிஃப்பும் வண்டியை நேராகவே இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதைக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

தாவி இறங்கும்போது துள்ளுகிறது அல்லது கவிழ்கிறது

இரு பின்ஷாக்குகளையும் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று எதிராக வைத்து அழுத்துங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அதில் எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்துக் குமிழிகள் எல்லாம் வெளியேறும் வரை காத்திருந்து மூடியை இட வேண்டும். இரண்டும் சமமாக இருந்தும் இறங்கியவுடன் வண்டி துள்ளினால், ஒரு படி அடர்ந்த எண்ணெயை ஊற்றிப் பாருங்கள்.

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளின் ஃபோர்க் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அது கனிம எண்ணெய்; இந்த ஷாக்குகளில் பரவலாக உள்ள சிலிகான் ஓ-ரிங்குகளை ஊதவைத்துப் பிஸ்டன் தண்டை இறுக்கிவிடும். இவ்வகை ஷாக்குகளுக்குச் சிலிகான் எண்ணெய் மட்டுமே ஏற்றது. அதுவும் வெப்பத்தில் இளகும் என்பதால், டிசம்பர் மாதக் காலையில் சரியாக அமைந்த ஷாக் ஏப்ரல் பிற்பகலில் தொளதொளவென்று இருக்கும்.

காற்றில் இருக்கும்போது மூக்கு மேலே எழுந்தால் பிரேக்கைத் தொடுங்கள். கீழே கவிழ்ந்தால் வேகம் கொடுங்கள். சுழலும் பின்சக்கரங்களின் வேகம் மாறும்போது, அதை ஈடுசெய்யும் விதமாக வண்டியின் உடல் எதிர்த்திசையில் திரும்புகிறது. இது எந்தப் பாகமும் வாங்காமல் கிடைக்கும் சீரமைப்பு.

பந்தயத்தின் கடைசி நிமிடத்தில் வலுவிழக்கிறது

இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறியபோது 8.4 வோல்ட் காட்டும். ஓட்டி முடித்தவுடன் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து பாருங்கள், ஒன்று 3.7 வோல்ட்டிலும் மற்றொன்று 3.3 வோல்ட்டிலும் நின்றால், பலவீனமான செல்தான் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. செல்கள் சமமாக இருந்தால் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். பழைய வண்டிகளோடு வரும் வெள்ளை டாமியா பிளக் இந்த அளவு மின்னோட்டத்தில் சுடும்; எக்ஸ்.டி.60 வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் சரியென்றால் மோட்டார் அல்லது இ.எஸ்.சி. சூட்டினால் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேலே சூட்டைப் பற்றிச் சொன்ன பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வண்டி கடைசிவரை நன்றாக ஓடி, ஆனால் பேட்டரி சில வாரங்களில் உப்பிவிடுகிறது என்றால், இ.எஸ்.சி. பேட்டரியைத் தவறான வகையாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஹாபிவிங் க்விக்ரன் 1060 போன்றவற்றில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு ஜம்பர் உண்டு. அது நிக்கல் பேட்டரிக்கான இடத்தில் இருந்தால், லைப்போவுக்குரிய மின்னழுத்த எல்லையில் மோட்டார் நிறுத்தப்படாது. செல்கள் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கெட்டுவிடும். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். நல்ல பேட்டரியை 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 5 ஆம்பியருக்கு மிகாமல், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில் ஏற்றுங்கள். அடுத்த பந்தயம் வரை செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள்.